டபிள்யூசி: வரி எண்ணும் கருவி ஒன்றின் மதிப்புரை

விண்டோஸின் நோட்பேடில் மூன்று பெயர்களை மூன்று வரிகளில் தட்டச்சு செய்து, கடைசிப் பெயருக்குப் பிறகு எண்டர் விசையை அழுத்தாமல் சேமித்துவிடுங்கள். திரையில் பார்த்தால் மூன்று வரிகள். அச்செடுத்தாலும் மூன்று வரிகள். பக்கத்து மேசைக்காரரைக் கேட்டால் அவரும் மூன்று என்றே சொல்வார். அதே கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, டெர்மினலில் டபிள்யூசி -எல் (wc -l) கட்டளையிடம் கொடுத்தால் 2 என்று விடை வரும். பல ஆண்டுகளாக நாள்தோறும் இந்தக் கருவியைப் பயன்படுத்தி வருகிறவன் என்ற முறையில், அந்த 2 எங்கிருந்து வருகிறது, அதை நம்பலாமா, நம்பக் கூடாதென்றால் வேறு எதை நம்புவது என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

கருவியைப் பற்றி முதலில். டபிள்யூசி மிகப் பழையது. 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் கிடைப்பது க்னூ கோர்யூட்டில்ஸ் தொகுப்பிலுள்ள வடிவம். மேக் கணினிகளில் பிஎஸ்டி மரபில் வந்த வடிவமும், ரவுட்டர் போன்ற சிறு கருவிகளில் பிஸிபாக்ஸ் வடிவமும் இருக்கின்றன. விலை இல்லை, நிறுவும் வேலை இல்லை, கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். வரி, சொல், பைட் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் எண்ணித் தரும். -எல் என்று கொடுத்தால் வரி எண்ணிக்கை மட்டும் வரும் என்பதே அனைவரும் புரிந்துகொண்டிருப்பது.

அந்தப் புரிதலில்தான் கோளாறு. க்னூ வடிவத்தின் உதவிக் குறிப்பைத் திறந்தால், இந்த விருப்பத்தின் நீளப் பெயர் ‘லைன்ஸ்’, அதாவது வரிகள் என்று இருக்கும். எதிரே இருக்கும் விளக்கமோ நியூலைன்களின் எண்ணிக்கையை அச்சிடும் என்று சொல்லும். பெயர் ஒன்று, செயல் மற்றொன்று. கருவி வரிகளைப் பார்ப்பதே இல்லை. கோப்பிலுள்ள பைட்டுகளில் 10 என்ற மதிப்புடையவை, அதாவது நாம் எண்டர் தட்டும்போது விழும் நியூலைன் எனும் வரிமுடிவுக் குறிகள், எத்தனை என்று மட்டுமே எண்ணுகிறது. நம் கோப்பில் முதல் பெயருக்குப் பின் ஒன்று, இரண்டாம் பெயருக்குப் பின் ஒன்று, ஆக இரண்டு. விடை சரிதான், கேள்வியை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

இதைக் கருவியின் பிழை என்று சொல்வதற்கு முன், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையையும் பார்த்துவிட வேண்டும். அதன் வரையறைப்படி, வரி என்பது வரிமுடிவுக் குறி அல்லாத எழுத்துகள் எத்தனை இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், இறுதியில் ஒரு வரிமுடிவுக் குறியைக் கொண்டு முடிவது. அந்தக் குறி இல்லாமல் கோப்பின் கடைசியில் தொங்கி நிற்கும் எழுத்துகளுக்குத் தரநிலை தனிப் பெயரே வைத்திருக்கிறது: முடிவுறாத வரி. முற்றுப்புள்ளி வைக்காமல் பாதியில் விட்ட கடைசி வாக்கியத்தை வாக்கியக் கணக்கில் சேர்ப்பதா என்று தமிழாசிரியரிடம் கேட்பதைப் போன்றது இது. யூனிக்ஸ் மரபில் வரிமுடிவுக் குறி முற்றுப்புள்ளியைப் போல ஒவ்வொரு வரியையும் முடித்து வைப்பது. விண்டோஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் பெரும்பாலான நிரலாளர்களும் அதை இரண்டு வரிகளுக்கு நடுவே வைக்கும் காற்புள்ளியாக நினைக்கிறார்கள். மூன்று சொற்களுக்கு நடுவே இரண்டு காற்புள்ளிகள்தானே இருக்க முடியும்.

இந்த வேறுபாட்டுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன். வெளி நிறுவனம் ஒன்று ஒவ்வொரு இரவும் எங்களுக்குப் பணப் பரிமாற்றப் பதிவுகளை ஒரு கோப்பாக அனுப்பும். கூடவே, அதில் எத்தனை பதிவுகள் உள்ளன என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்றும் வரும். எங்கள் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) டபிள்யூசி தரும் எண்ணையும் அவர்கள் சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கோப்பை நிராகரித்துவிடும். நெடுநாள் சிக்கலில்லாமல் ஓடிய இந்த ஏற்பாடு ஒரு திங்கட்கிழமை காலை நின்றுபோனது; எங்கள் எண் அவர்களுடையதைவிட ஒன்று குறைவாக இருந்தது. அவர்கள் தங்கள் தரவுத்தளத்தில் எண்ணிப் பார்த்துத் தாங்கள் சொன்னதே சரி என்றார்கள். நாங்கள் டபிள்யூசியை மூன்று முறை ஓட்டிப் பார்த்து நாங்கள் சொன்னதே சரி என்றோம். கடைசியில் ‘ஓடி -சி’ (od -c) என்ற கட்டளையால் கோப்பின் வாலைப் பைட் பைட்டாக விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கடைசிப் பதிவின் இறுதி இலக்கமான 7 நின்றது. அதற்குப் பின்னால் வரிமுடிவுக் குறி இல்லை. அவர்கள் நிரலை மாற்றி எழுதியபோது, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் குறி போடுவதற்குப் பதிலாக, பதிவுகளின் இடையிடையே குறி வைத்து இணைக்கும் முறைக்குப் போயிருந்தார்கள்.

அதோடு முடியவில்லை. அவசரத்தில் எங்கள் குழுவில் ஒருவர் டபிள்யூசி தந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவர்கள் தங்கள் நிரலைத் திருத்தி, கடைசிப் பதிவுக்கும் குறி போடத் தொடங்க, இப்போது எங்கள் எண் ஒன்று கூடுதலாக வந்து நின்றது. ‘ஒன்றைக் கூட்டு’ என்று சொல்லும் எவரையும் அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

மாற்றுக் கருவிகளுக்கு வருவோம். அதே மூன்று பெயர்க் கோப்பை, பொருந்தும் வரிகளைத் தேடி எண்ணும் கிரெப் -சி கட்டளையிடம் வெற்று மேற்கோளைத் தேடச் சொல்லிக் கொடுத்தால் 3 வரும். வெற்றுத் தேடல் எல்லா வரியோடும் பொருந்தும்; முடிவுறாத வரியையும் கிரெப் வரியாகவே மதிக்கிறது. ஆக் (awk) கருவியில் இறுதியில், படித்த வரிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் என்ஆர் மதிப்பை அச்சிடச் சொன்னாலும் 3. செட் (sed) கருவியில் கடைசி வரியின் எண்ணைக் கேட்டாலும் 3. கேட் -என் மூன்று வரிகளுக்கும் எண் இடும். ஆகவே பெரும்பான்மையின் தீர்ப்பு 3 என்றுதான் இருக்கிறது. டபிள்யூசி தனித்து நிற்கிறது.

ஆனால் இந்த மாற்றுகளும் குற்றமற்றவை அல்ல. முற்றிலும் காலியான கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். டபிள்யூசியும் ஆக்கும் 0 என்று சொல்லும். செட் ஒன்றுமே சொல்லாது. கடைசி வரி என்று ஒன்று இல்லாததால் அச்சிடவும் ஒன்றுமில்லை. எண்ணை எதிர்பார்த்து வெற்றிடத்தைப் பெற்ற ஸ்கிரிப்ட் அடுத்த ஒப்பீட்டில் இடறி விழும். கிரெப் 0 என்று சரியாகவே அச்சிட்டாலும், எதுவும் பொருந்தவில்லை என்பதால் வெளியேறும்போது 1 என்ற, தோல்வியைக் காட்டும் நிலைக் குறியைத் தருகிறது. பிழை வந்தவுடன் நிறுத்து என்று ‘செட் -இ’ (set -e; மேலே சொன்ன செட் கருவி அல்ல) போட்டு எழுதிய ஸ்கிரிப்டுகளில் அதனாலேயே முழு வேலையும் சத்தமில்லாமல் நின்றுவிடும். விடுமுறை நாளில் பதிவே இல்லாத காலிக் கோப்பு வருவது இயல்பான இடங்களில் இதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். என்எல் என்ற கருவியை வரி எண்ணப் பயன்படுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது இயல்பு நிலையில் வெற்று வரிகளுக்கு எண் இடாது என்பதால் இந்தப் போட்டியிலேயே சேராது. விண்டோஸ் பவர்ஷெல்லில் மெஷர்-ஆப்ஜெக்ட் கட்டளையின் வரிக் கணக்கும் அப்படித்தான், வெற்று வரிகளை விட்டுவிடும்.

எண்ணுவதோடு நிற்காமல் எழுதவும் செய்யும் கருவிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. க்னூ சார்ட், கடைசி வரியில் குறி இல்லை என்றால் தானாகவே ஒன்றைச் சேர்த்து வெளியிடும். ஆகவே வரிசைப்படுத்தும்போது எதுவும் தொலைந்துவிடவில்லை என்று உறுதி செய்ய நினைத்து, முன்னும் பின்னும் டபிள்யூசியை ஓட்டினால், முன்பு 2, பின்பு 3 என்று வரும். தொலையவில்லை என்று நிம்மதி அடைவதா, ஒன்று எங்கிருந்து முளைத்தது என்று கலங்குவதா? ஆக்கும் அச்சிடும்போது குறியைச் சேர்த்துவிடும். க்னூ செட் மட்டும் உள்ளது உள்ளபடியே விட்டுவிடும். குறி இல்லாமல் வந்தது குறி இல்லாமலே போகும். எது திருத்தும், எது திருத்தாது என்பதற்குப் பொதுவான விதி ஏதும் இல்லை. மனப்பாடமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மிக மோசமான இடம் என்று நான் கருதுவது, டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் ரீட் சுழற்சி. கோப்பை வரி வரியாகப் படித்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால், வொயில் ரீட் என்று தொடங்கும் சுழற்சியைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படித்தான் கற்றுக்கொடுக்கவும் படுகிறது. ரீட் கட்டளை கடைசி வரியைப் படித்து, அதன் உள்ளடக்கத்தை மாறியில் சரியாகவே வைத்துவிடும். ஆனால் வரிமுடிவுக் குறியைக் காணும் முன்பே கோப்பு முடிந்துவிட்டதால், தோல்வி என்ற நிலைக் குறியைத் திருப்பித் தரும். சுழற்சி அந்தத் தோல்வியைப் பார்த்து நின்றுவிடும். மாறிக்குள் மூன்றாம் பெயர் இருக்கிறது, அதற்கான வேலை மட்டும் நடக்காது. டபிள்யூசி எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துச் சொல்வதோடு நின்றுகொள்கிறது. இங்கோ ஒருவருக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் போகாமலே போய்விடும். இதில் கொடுமை என்னவென்றால், டபிள்யூசி 2 என்று சொல்லியிருக்க, சுழற்சியும் இரண்டு முறையே ஓடியிருக்க, இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று சான்றளித்துக்கொள்ளும். திருத்தம் எளியது: ரீட் தோற்றாலும் மாறி காலியாக இல்லாவிட்டால் ஒரு முறை கூடுதலாகச் சுற்று என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட வேண்டும். பாஷ் ஷெல்லில் மேப்ஃபைல் கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. முடிவுறாத வரியையும் அது எடுத்துக்கொள்ளும்.

ஷெல்லுக்கு இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஒரு கட்டளையின் வெளியீட்டை டாலர் குறியும் அடைப்புக்குறியும் இட்டு மாறிக்குள் பிடித்தால், வாலிலுள்ள வரிமுடிவுக் குறிகள் அனைத்தையும் ஷெல் வெட்டி எறிந்துவிடும். ஒன்று இருந்தாலும் ஐந்து இருந்தாலும் ஒன்றும் மிஞ்சாது. பிறகு அதை எக்கோவால் வெளியிட்டால் எக்கோ தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கும். இறுதியில் ஐந்து வெற்று வரிகளோடு இருந்த கோப்பும், குறியே இல்லாமல் முடிந்த கோப்பும் இந்த வழியாகப் போய் வந்தால் ஒரே மாதிரி ஆகிவிடும். அன்றாட வேலைக்கு இது வசதிதான். ஆனால் கையொப்பம், கடவுச்சொல், சரிபார்ப்புத் தொகை போன்றவற்றைத் தொடும்போது ஒரே ஒரு பைட்டும் விளையாடிவிடும். எக்கோவிலிருந்து எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டவரும், தானாகக் குறி சேர்க்காத பிரிண்ட்எஃப்பிலிருந்து கணக்கிட்டவரும் ஒரே சொல்லுக்கு இரண்டு வேறு விடைகளை வைத்துக்கொண்டு சண்டையிடுவது இதனால்தான்.

கேட் கருவியால் இரண்டு கோப்புகளை ஒட்டுவதிலும் இதே ஆபத்து. முதல் கோப்பு குறியில்லாமல் முடிந்திருந்தால், அதன் கடைசி வரியும் இரண்டாவதன் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகும். சர்வரில் உள்நுழைவுச் சாவிகளை வைத்திருக்கும் கோப்பின் வாலில் புதிய சாவியை எக்கோவால் சேர்க்கும்போது இப்படி நடந்தால், பழைய சாவியின் வாலோடு புதியது ஒட்டிக்கொள்ளும். புதியவர் உள்ளே நுழைய முடியாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் கடைசி வரிக்குக் குறி இல்லாவிட்டால் அட்டவணையே பழுதானதாகக் கருதப்படும் என்று டெபியன் கையேடு எச்சரிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற எந்த வேறுபாடும் இல்லாமல் ஒரு வேலை ஓடாமல் இருப்பதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

இந்த விஷயத்தில் என் முழு மதிப்பெண்ணைப் பெறுவது, இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாடு காட்டும் டிஃப். குறியில்லாத கோப்பைச் சந்தித்தால், கோப்பின் இறுதியில் நியூலைன் இல்லை என்று ஒரு பின்சாய்வுக்கோட்டோடு தனி வரியில் சொல்லிவிடும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) கருவியும் அதே வாசகத்தைக் காட்டுகிறது. எண்ணிக்கையை மாற்றாமல், தானாகத் திருத்தவும் செய்யாமல், இருப்பதை மட்டும் சொல்லும் இந்த நடத்தை டபிள்யூசியில் ஏன் இல்லை என்பதே என் முதன்மையான குறை. இயல்பு நிலையை மாற்றச் சொல்லவில்லை; எத்தனையோ ஸ்கிரிப்டுகள் அதை நம்பியிருக்கின்றன. முடிவுறாத வரியையும் சேர்த்து எண்ண ஒரு விருப்பம் கொடுத்திருந்தால் போதும்.

நம் மொழியில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. யூடிஎஃப்-8 கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட் பிடிக்கும். நாம் மூன்று எழுத்து என்று சொல்வதைக் கணினி ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது, குறி ஒன்றுக்கு 3 பைட். எக்கோவிலிருந்து டபிள்யூசி -சிக்கு அனுப்பினால் 16 வரும். அந்தக் கூடுதல் ஒன்று நம் பழைய நண்பன் வரிமுடிவுக் குறிதான். யூடிஎஃப்-16 கோப்பு என்றால் கதை வேறு. டபிள்யூசி -எல் 10 மதிப்புள்ள பைட்டைத் தேடுகிறது என்றேன். குஜராத்தி, குர்முகி எழுத்துகளின் யூனிகோடு எண்களில் மேல் பைட்டே 10; ஆகவே யூடிஎஃப்-16 குஜராத்தி ஆவணத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வரியாக எண்ணப்படும். தமிழுக்கு மேல் பைட் 11, கீழ் பைட்டும் 10 ஆக வாய்ப்பில்லை. ஒரே எண் வித்தியாசத்தில் தப்பித்திருக்கிறோம்.

பிற குறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கோப்பின் பெயரைக் கொடுத்தால் விடையோடு பெயரையும் அச்சிடும். எண் மட்டும் வேண்டுமென்றால் கோப்பை உள்ளீடாகத் திருப்பிவிட வேண்டும். மேக்கில் அப்படித் திருப்பிவிட்டாலும் எண்ணுக்கு முன்னால் இடைவெளிகள் வரும். அதை எழுத்துச் சரமாக ஒப்பிடும் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓடி மேக்கில் தோற்கும். பழைய மேக் முறையில் வெறும் கேரேஜ் ரிட்டர்ன் குறியால் முடியும் கோப்புக்கு, அதில் ஆயிரம் வரிகள் இருந்தாலும் விடை 0. எல்எஸ் -எல் வெளியீட்டை டபிள்யூசிக்கு அனுப்பிக் கோப்புகளை எண்ணுகிறவர்கள் முதலில் வரும் மொத்தக் கணக்கு வரியையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். சிஎஸ்வி கோப்பில் மேற்கோளுக்குள் வரி முறிக்க அனுமதி உண்டு. கடைசிப் பதிவுக்குப் பின் குறி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 சொல்கிறது. ஆகவே அங்கே எந்த வரி எண்ணும் கருவியும் பதிவுகளின் எண்ணிக்கையைச் சொல்லாது. சிஎஸ்வி படிக்கத் தெரிந்த நிரல்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நான் இதை ஏன் கைவிடவில்லை என்றால், வேகமும் நேர்மையும்தான் காரணம். வரி எண்ணும்போது எழுத்துக்குறி முறை எதையும் ஆராயாமல் ஒரே பைட்டை மட்டும் தேடுவதால் மிக விரைவாக ஓடுகிறது. 2021-இல் வந்த கோர்யூட்டில்ஸ் 9.0 முதல், ஏவிஎக்ஸ்2 வசதியுள்ள செயலிகளில் அது இன்னும் கூடியிருக்கிறது. பெரிய பதிவேட்டுக் கோப்புகளில் ஆக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்கூடு. நம் சர்வர் நிரல்களே எழுதும் பதிவேடுகளில் ஒவ்வொரு வரியும் குறியோடு முடிவதால் அங்கே எண்ணிக்கையும் பிசகாது. அப்படிப்பட்ட கோப்புகளுக்கு ஐந்தில் ஐந்து கொடுப்பேன். மனிதர்கள் கையால் சேமித்து அனுப்பும் கோப்புகளுக்கும், பிறர் நிரல்கள் உருவாக்கி அனுப்பும் கோப்புகளுக்கும் ஐந்தில் இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. அங்கே கிரெப்பைப் பயன்படுத்தி, அதன் நிலைக் குறியையும் கவனித்துக்கொள்கிறேன்.

எங்கள் இரவு ஸ்கிரிப்டில் இப்போது எண்ணுவது கிரெப். ஆனால் அதற்கு முன்பே டபிள்யூசிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். டெயில் -சி 1 என்று கேட்டுக் கோப்பின் கடைசி ஒரே பைட்டை எடுத்து டபிள்யூசி -எல்லுக்கு அனுப்புகிறேன். அந்தப் பைட் வரிமுடிவுக் குறியானால் 1 வரும், வேறெதுவானாலும் 0. காலிக் கோப்புக்கும் 0 வரும் என்பதால், கோப்பின் அளவை முதலில் பார்த்துவிட்டே இதைக் கேட்க வேண்டும். 0 வந்தால் கோப்பை நிராகரிப்பதில்லை. அனுப்பியவருக்குப் போகும் அறிக்கையில் ‘கடைசி வரி முடிவுறவில்லை’ என்று ஒரு வரி மட்டும் சேரும்.